மழைநீர் வடிகாலும் மிஸ் எர்லீனும்

ஹார்வெல் நகரத்தில் எர்லீன் பாஸ்கமைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பாடகியாகத் தெரியாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்த மிஸ் எர்லீனாகத்தான் தெரியும். ஊரில் பாதிப் பேர் சிறுவயதில் அவள் கையால் சோளரொட்டி வாங்கித் தின்றவர்கள். மீதிப் பேர் இன்னொரு துண்டு கேட்டுத் திட்டு வாங்கியவர்கள். இளமையில் அவள் மெம்பிஸுக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டு பாடினாள் என்பதும், ‘உன் தொப்பி இன்னும் ஆணியில் தொங்குது’ என்ற அந்தப் பாட்டு வெளிவந்த கையோடு கம்பெனி திவாலாகிவிட்டது என்பதும் அவளுக்கும், அவளை விட்டுப் போன புருஷன் ஹோசியாவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. தொப்பி ஹோசியாவினுடையது.

புருஷன் விட்டுப் போனான் என்றதும் எங்கோ சிகாகோவுக்குப் போய்விட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. எர்லீன் இருந்தது பிளம் தெருவில். ஹோசியா போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்து, சரிவில் கீழே இருந்த வில்லோ தெருவில். இருவரும் ஒரே கடையில் மீன் வாங்கினார்கள். ஒரே பெத்தேல் சபையில் ஞாயிற்றுக்கிழமை அவள் பாடினாள், அவன் ஆர்கன் வாசித்தான். முகம் பார்த்துப் பேசாமலேயே பல வருஷம் ஒரே தாளத்தில் இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது நியூயார்க்கிலிருந்து தாடி வைத்த ஒரு இளைஞன் வந்து சேர்ந்தான். பெயர் டோபியாஸ். பழைய சாமான் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த அந்த இசைத்தட்டைக் கண்டெடுத்தவன் அவன்தான். கதவைத் திறந்த எர்லீனைப் பார்த்ததும் கண் கலங்கி நின்றான்.

“நீங்க உயிரோட இருக்கீங்களா?” என்றான்.

“காலையில எழுந்தப்போ இருந்தேன்பா. உள்ள வா,” என்றாள் எர்லீன்.

டோபியாஸ் பாட்டை மறுபடி வெளியிட்டான். காப்பிக் கடைகளில் அது ஒலித்தது. ஏதோ ஒரு மெத்தை விளம்பரத்தில் வந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்கள். கறுப்பின மக்களின் அந்தக் காலத்துச் சோல் இசை திரும்பி வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

“எங்க போச்சு, திரும்பி வர்றதுக்கு?” என்று கேட்டாள் எர்லீன். “நாங்க வாராவாரம் பெத்தேல்ல பாடிக்கிட்டுத்தானே இருக்கோம்? நடுவுல ஊரு எங்கயோ போயிட்டு இப்ப வந்திருக்கு.”

ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள். பித்தளை நிறத்தில் பளபளவென்று ஒரு கவுன் தைத்துக்கொண்டாள். ஆர்கனுக்கு ஆள் வேண்டும் என்றதும் வேறு வழியில்லாமல் ஹோசியாவிடம் போய் நின்றாள்.

“ஊருக்கு இப்பத்தான் காது மந்தமாயிருக்கு போல, உன்னைய பிடிச்சிருக்கு,” என்றான் ஹோசியா.

“வாசிப்பியா, மாட்டியா?”

“அந்தத் தொப்பிப் பாட்டையா? என் மானத்தை வாங்குற பாட்டுக்கு நானே வாசிக்கணும்!” என்று சலித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஆர்கன் முன் உட்கார்ந்தான். வெறுங்காலால்தான் அவனுக்கு மிதிகட்டை வசப்படும்.

அந்த ஆண்டு மேயர் தேர்தல். கார் வியாபாரி டெஸ்மண்ட் லாட்டிமோர் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை வெளேரென்று பல்வரிசை, எதிரில் இருப்பவரின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிற பழக்கம். எர்லீன் கையையும் வந்து பொத்திக்கொண்டார்.

“மிஸ் எர்லீன், உங்க கையால சாப்பிட்டு வளந்தவன் நான். என் கூட்டத்துல ஒரே ஒரு பாட்டுப் பாடுங்கம்மா.”

“நீ இன்னொரு துண்டு ரொட்டியைத் திருடினவன்தானே?”

“அதே டெஸ்மண்ட்தாம்மா!” என்று அவர் பெருமையாகச் சிரித்தார்.

முதல் கூட்டம் ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்தது. பெரிய இரும்புச் சட்டிகளில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. எர்லீன் பாடினாள். சனங்கள் எழுந்து ஆடினார்கள், அழுதார்கள், ஒரு பெண்மணி தன் புருஷனை அங்கேயே மன்னித்தார். பிறகு லாட்டிமோர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை…” என்று ஆரம்பித்தார். மொத்தக் கூட்டமும் மீன் சட்டியை நோக்கி நகர்ந்தது. அவர் முன்னால் மிச்சமிருந்தது அவருடைய அம்மா மட்டும்தான். அந்த அம்மாளும் வரிசையில் இடம் பிடித்து வைக்கும்படி யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

லாட்டிமோர் புத்திசாலி. ஒரே நாளில் பாடம் படித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேச்சைப் பாதியாக்கினார். அதற்கடுத்ததில் இரண்டு பாட்டுக்கு நடுவே வணக்கம் மட்டும் சொன்னார். பிறகு அதையும் விட்டுவிட்டுப் பின்பாட்டுப் பெண்களோடு வரிசையில் நின்று கை தட்டி ஆட ஆரம்பித்தார். ஆட்டம் ஒன்றும் மோசமில்லை. சுவரொட்டிகளில் அவர் கொள்கைகள் இருந்த இடத்தில் எர்லீனின் படம் வந்தது.

“உன் மேயருக்கு என்ன கொள்கை?” என்று ஹோசியா ஒரு நாள் கேட்டான்.

“எனக்கென்ன தெரியும்? நல்ல பையன். தாளம் தப்பாம கை தட்டுறான்.”

“அப்ப அவனைப் பாடகர் குழுவுல சேத்துக்க. நகராட்சியில எதுக்கு?”

எர்லீன் கவுனின் மடிப்பை நீவிவிட்டாள். இத்தனை வருஷம் கரண்டியைத் தூக்கிக்காட்டி ‘வரிசையில வாங்க’ என்று கத்திய குரல் அவளுடையது. இப்போது அதே குரலுக்காக ஊர் தானாக வரிசையில் நிற்கிறது. அதன் ருசியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

எதிர்த்து நின்றவர் மார்வா கிட்ரெல். நகராட்சியில் தண்ணீர்ப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் முட்டளவு ரப்பர் பூட்ஸோடு எர்லீன் வீட்டு வாசலுக்கே வந்தார். எர்லீன் அடுப்பில் வெண்டைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க தெருவுல மழை பெஞ்சா தண்ணி எங்கெங்க நிக்குது?” என்று கேட்டார் மார்வா.

“எங்க நிக்கலன்னு கேளுங்க. சீக்கிரம் சொல்லிடலாம்.”

மார்வா ஒரு வரைபடத்தை விரித்தார். இந்தப் பக்கத்து வடிகால் ஊரில் நாலு வீடு இருந்த காலத்தில் போட்டது என்றார். குழாய் சிறியது என்றார். தண்ணீர் ஆற்றில் போய் விழுகிற முகத்திலிருந்து தோண்டிக்கொண்டே மேலே வர வேண்டும், மேலேயிருந்து ஆரம்பித்தால் கீழே இருக்கிறவன் தலையில் கொட்டும் என்றார். சரிவு, கொள்ளளவு என்று சொல்லிக்கொண்டே போனார். பேச்சு ஒரே சுருதியில், ஏற்ற இறக்கம் இல்லாமல், குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற சத்தம்போல இருந்தது. எர்லீன் ‘ம்ம்’ கொட்டிக்கொண்டே வெண்டைக்காயைத் திருப்பிப் போட்டாள்.

கடைசியில் கேட்டாள்: “நீங்க பாடுவீங்களா?”

“இல்ல. பிறந்தநாள் பாட்டுக்கே வாயை மட்டும்தான் அசைப்பேன்.”

“அப்பக் கஷ்டம்தாம்மா,” என்றாள் எர்லீன், நிஜமான அனுதாபத்தோடு. ஒரு தட்டில் வெண்டைக்காய் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

தேர்தலுக்கு முன் உயர்நிலைப்பள்ளி அரங்கில் வேட்பாளர் விவாதம் வைத்தார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது. எர்லீனை முன்வரிசையில் பித்தளை கவுனோடு உட்கார வைத்திருந்தார் லாட்டிமோர். மழை வெள்ளத்துக்கு என்ன செய்வீர்கள் என்று விவாதத்தை நடத்தியவர் கேட்டார். மார்வா எழுந்து ஆற்று முகத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் குழாய்ச் சந்திப்பை எட்டுவதற்குள் நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். அடுத்து லாட்டிமோர். நெஞ்சில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

“சோல்னா என்ன? ஆத்மா. நம்ம ஊருக்குத் தேவை குழாய் இல்ல. நம்ம ஊருக்குத் தேவை ஆத்மா! அதோ உக்காந்திருக்காங்க, நம்ம ஆத்மா!” என்று எர்லீனைக் கைகாட்டி, தொப்பிப் பாட்டின் முதல் அடியைப் பாடியே விட்டார்.

அரங்கம் எழுந்து நின்றது. எர்லீனும் எழுந்து குனிந்து வணங்கினாள். மறுநாள் பத்திரிகையில், ‘லாட்டிமோரிடம் ஆத்மா இருக்கிறது, கிட்ரெலிடம் வரைபடம் இருக்கிறது’ என்று தலைப்புப் போட்டார்கள். வரைபடம் தோற்றது. கொஞ்சநஞ்சமாக இல்லை.

வசந்தகாலத்தில் மழை வந்தது. ஆத்மாவைக் கண்டு அது தயங்கவில்லை. பிளம் தெருவில் எப்போதையும்விட அதிகமாகத் தண்ணீர் ஏறி எர்லீன் வீட்டுக்குள் புகுந்தது. பித்தளை கவுனின் கீழ்ப்பாதி சேற்று நிறமானது. சோஃபாவைத் தெருவில் காயப் போட்டுவிட்டு, அவள் நேராக நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் பேசலாம் என்று ஒரு நேரம் உண்டு. அதில் போய் நின்றாள்.

“என் பேரு எர்லீன் பாஸ்கம். வீடு பிளம் தெருவுல…”

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பின்வரிசையிலிருந்து யாரோ, “பாடுங்க மிஸ் எர்லீன்!” என்று கத்தினார்கள்.

“பாட வரலப்பா. பேச வந்திருக்கேன். எங்க தெருவுல தண்ணி…”

“அம்மா, கூட்டம் ஒரே வறட்சியா போயிட்டிருக்கு. ஒரே ஒரு பாட்டு,” என்றார் ஒரு உறுப்பினர். சுற்றி இருந்தவர்கள் அதற்குள் கைப்பேசியை உயர்த்திவிட்டார்கள். மேடை நடுவில் மேயர் லாட்டிமோர் தாளத்துக்குத் தயாராகக் கைகளை விரித்துக் காத்திருந்தார்.

எர்லீனுக்கு வந்ததே கோபம். பேசினால் கேட்க மாட்டார்கள் என்றால் இந்தா வாங்கிக்கோ என்று, வாயில் வந்ததை அப்படியே பாட்டாக எடுத்து வீசினாள்:

“சோஃபா மிதக்குது, மேயரய்யா,
செருப்பு மிதக்குது, மேயரய்யா,
வோட்டுப் போட்ட கைய மட்டும்
வெளிய தூக்கி நிக்கிறேன்யா!”

வசவாகத்தான் பாடினாள். வாழ்த்தாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது அடியிலேயே சபை முழுக்க ‘மேயரய்யா’ என்று பின்பாட்டுப் பாடியது. மேயரய்யாவே எழுந்து ஆடினார். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதையாக, தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டம் கலைந்தது.

அந்தப் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. டோபியாஸ் ஓடி வந்து அதை முறையாகப் பதிவு செய்து வெளியிட்டான். தொப்பிப் பாட்டைவிடப் பத்து மடங்கு ஓடியது. வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் பார்த்திராத மேட்டுக்குடிப் பகுதியில் பெண்கள் காலை உடற்பயிற்சிக்கு அதைப் போட்டுக் குதித்தார்கள். ‘சோஃபா மிதக்குது’ என்று எழுதிய பனியன் விற்றது. மக்கள் குரல் தன் ஆட்சியில்தான் இவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்று மேயர் பேட்டி கொடுத்தார்.

எர்லீன் முதலில் திகைத்தாள். பிறகு கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அதற்கப்புறம் ஒரு நாள், காயாமல் நாற்றமடிக்கிற சோஃபாவில் உட்கார்ந்து அந்தப் பாட்டை ரேடியோவில் கேட்கும்போது எழுந்து அதை அணைத்தாள்.

ஆனால் பாட்டுக்கு ஒரு பலன் இருந்தது. மேயருக்குத் தர்மசங்கடம். பாட்டைக் கேட்ட வெளியூர்க்காரர்கள், ‘அந்தத் தெருவைச் சரி செஞ்சாச்சா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆகவே இயந்திரங்கள் வந்தன. பிளம் தெருவை, பிளம் தெருவை மட்டும், தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். லாட்டிமோர் ரிப்பன் வெட்டினார், எர்லீன் பாடினாள்.

“எங்க தெருவுக்கு எப்ப?” என்று கூட்டத்தில் நின்ற ஹோசியா கேட்டான்.

“ஒண்ணொண்ணா வருவாங்க,” என்றாள் எர்லீன். யாரும் அப்படி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வராமல் எங்கே போகப்போகிறார்கள் என்று அவளாக வைத்துக்கொண்டதுதான்.

அடுத்த பெருமழையில் பிளம் தெரு வறண்டு நின்றது. எர்லீன் முன்தாழ்வாரத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, தண்ணீர் சாலையோரத்து ஓட்டைகளில் சளசளவென்று இறங்கி ஓடுவதை ரசித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கையசைத்தார்கள். மழை விட்டதும் ஹோசியாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

வில்லோ தெருவில் தெருவே இல்லை. இந்தப் பக்கத்து வீட்டுப் படியிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுப் படி வரை பழுப்பாய்த் தண்ணீர். ஆட்கள் மெத்தைகளைத் தலையில் வைத்து நடந்தார்கள். ஹோசியா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவன் ஆர்கன் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆர்கன் கிட்டத்தட்டப் பாதிவரை தண்ணீரில் நின்றது. மிதிகட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை.

“உன் தெரு எப்படியிருக்கு, மகாராணி?” என்றான்.

“காஞ்சிருக்கு.”

“தெரியும். உன் தெருத் தண்ணியத்தான் நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.”

எர்லீன் குடையைக் கதவில் மாட்டினாள். தொடையளவுத் தண்ணீரில் இறங்கிப் போய் ஆர்கனின் மூடியைத் திறந்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். எதுவும் வரவில்லை.

“இதுக்கு முன்ன எவ்வளவு வரும்?”

“தெருவுல கணுக்கால். பெரிய மழைன்னா முழங்கால். ஆர்கன் வரைக்கும் ஒரு நாளும் வந்ததில்ல.” ஹோசியா அவளைப் பார்க்காமல் ஆர்கனைப் பார்த்தே சொன்னான். “உன்னைய விட்டு வந்தப்பகூட இதைத் தூக்கிட்டுத்தான் வந்தேன்.”

“நல்லா ஞாபகமிருக்கு. தொப்பியை மறந்துட்டு இதைத் தூக்கிட்டுப் போன.”

வெளியே மார்வா கிட்ரெல் ரப்பர் பூட்ஸோடு ஒரு வீட்டுப் படியில் நின்று, எங்கிருந்தோ கொண்டுவந்த பம்பை ஓட்ட முயன்றுகொண்டிருந்தார். எர்லீன் அவரிடம் போனாள்.

“இது எப்படிம்மா ஆச்சு?”

“மேல அகலக் குழாய், கீழ பழைய சின்னக் குழாய். முன்ன உங்க தெருவுல தேங்கி மெதுவா எறங்கின தண்ணி இப்ப ஒரே பாய்ச்சல்ல இங்க வருது. போக வழியில்ல. நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே.”

“நீங்க சொன்னப்ப நான் வெண்டைக்காயப் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றாள் எர்லீன்.

 மார்வா பம்பின் கயிற்றை மறுபடி இழுத்தார். வடிகால் முழுவதையும் ஆற்றிலிருந்து புதுப்பிக்க ஒரு வரி போடலாமா என்று நவம்பர் வாக்குச்சீட்டில் மக்களிடமே கேள்வி வரப்போகிறது, அதற்காக வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியது தான்தான் என்றார். கூட்டம் போட்டுப் பார்த்தாராம். வந்தவர்கள் எல்லாரும் மழைக்கு ஒதுங்கியவர்கள்தானாம்.

அக்டோபரில் மேயரின் ‘சோல் திருவிழா’. நீதிமன்றத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில் மேடை. பன்றி விலா எலும்பு சுடுகிற புகை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு விற்கிற வண்டிகள், அக்கம்பக்கத்து மாவட்டச் சனமெல்லாம். சோல் மாளிகை ஒன்று கட்டி வாசலில் எர்லீனுக்குச் சிலை வைக்கப்போவதாக லாட்டிமோர் அன்று அறிவிக்க இருந்தார். எர்லீன் மேடையேறியபோது தனியாக ஏறவில்லை. மார்வாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

“என் பாட்டுக்கு முன்னாடி இந்தம்மா பேசும்,” என்றாள் ஒலிபெருக்கியில். “பேசி முடிச்சாத்தான் பாடுவேன். இல்லன்னா கவுனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

கூட்டம் முனகியது. லாட்டிமோர் பல்லைக் காட்டிக்கொண்டே நெருங்கி வந்தார். “மிஸ் எர்லீன், இது கொண்டாட்டம்மா…”

“உக்காரு டெஸ்மண்ட்,” என்றாள் எர்லீன், சாப்பாட்டுக் கூடத்துக் குரலில். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மார்வா தொண்டையைச் செருமினார். “அனைவருக்கும் வணக்கம். நமது மழைநீர் வடிகால் அமைப்பின் தற்போதைய கொள்ளளவு…”

முன்வரிசை திரும்பி விலா எலும்புக் கடையைப் பார்த்தது. ஓரத்திலிருந்து ஆட்கள் கழன்றார்கள். எர்லீன் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் போட்ட கணக்கு தவறு என்று தெரிந்தது. பாட்டுக்காகக் காத்திருப்பார்கள், ஆனால் காதைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள்.

அப்போதுதான் வாடகை ஆர்கனில் உட்கார்ந்திருந்த ஹோசியா செருப்பைக் கழற்றினான். பெத்தேல் சபையில் பாஸ்டரின் பிரசங்கம் சூடேறும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவன் ஒரு சுரத்தை வைப்பான். சபையும் குரல் கொடுக்கும். பிறந்ததிலிருந்து அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம் அது. மார்வா மூச்சு வாங்கிய இடத்தில் ஹோசியா ஒரு சுரத்தை வைத்தான்.

“ஆமா!” என்றாள் பெரிய தொப்பி போட்ட ஒரு கிழவி, தன்னையறியாமல்.

மார்வா திரும்பிப் பார்த்தார். “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?”

“முடியாதும்மா. நீங்க பாட்டுக்குப் பேசுங்க,” என்றான் ஹோசியா.

“…இந்தக் குழாய் போட்டது எங்க தாத்தா காலத்துல,” என்றார் மார்வா, எரிச்சலோடு. ஆர்கன் உறுமியது. “சொல்லும்மா!” என்று ஒருவர் கத்தினார். “குழாயோட வாய் சின்னது!” ஆர்கன். “சின்னதுதான்!” “மேல அகலமாக்கிட்டாங்க, கீழ அப்படியே விட்டுட்டாங்க!” “விட்டுட்டாங்க!” கடைக்குப் போனவர்கள் கையில் எலும்போடு திரும்பி வந்தார்கள். மார்வாவுக்கு எரிச்சல் கோபமானது. கோபம் குரலில் ஏறியது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் வந்தது. “தண்ணிக்கு ஏழை தெரியாது, பணக்காரன் தெரியாது, சரிவு மட்டும்தான் தெரியும்!” என்று அவர் முழங்கியபோது, பெரிய தொப்பிக் கிழவி இரண்டு கையையும் தூக்கிச் சுழன்றார். குழாயின் விட்டத்தைச் சொன்னபோது ஆண்கள் தேம்பினார்கள். நவம்பர் வாக்குச்சீட்டில் எத்தனையாவது கேள்வி என்று மார்வா கேட்க, சதுக்கமே எண்ணைச் சொல்லிக் கத்தியது. லாட்டிமோர் மேடையில் எழுந்து நின்று, தாளம் தப்பாமல் கை தட்டிக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார்? தாளம் இருந்தது, கேமரா இருந்தது.

அதற்குப் பிறகு எர்லீன் பாடினாள். அன்று பாட்டு கொஞ்சம் சப்பென்று இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

நவம்பரில் வரி நிறைவேறியது. வாக்களித்து வந்த ஒருவரிடம் தொலைக்காட்சிக்காரர்கள் காரணம் கேட்டார்கள். “அந்த ஆர்கன் ஏறுற எடத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு,” என்றார் அவர். எதற்கான வரி என்று கேட்டதற்கு, “ஆத்மா சம்பந்தப்பட்டது,” என்றார். வடிகாலைத் தன் கனவுத் திட்டம் என்று அறிவித்த லாட்டிமோர், மார்வாவையே அதற்குத் தலைமைப் பொறியாளராக்கினார். ஊரில் இப்போது மார்வாவுக்குத்தான் மவுசு. சிலையைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. ஹோசியாவின் ஆர்கனைப் பழுதுபார்க்க மெம்பிஸுக்கு அனுப்பினார்கள். பாதிக் கட்டைகள் பிழைத்தன.

மார்வாவுக்குச் சந்தோஷமில்லை. எர்லீன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து புலம்பினார்.

“வருஷக்கணக்கா இதையேதானே நான் சொல்லிக்கிட்டிருந்தேன்? ஒரு எழுத்து மாத்தல. குழாயோட விட்டத்துக்கு எதுக்குங்க அழணும்?”

“அழுதுட்டுப் போறாங்க, விடுங்க. வோட்டுப் போட்டாங்கல்ல?”

“அடுத்த தடவை ஒரு கார்க்காரன் அதே ஆர்கனை வச்சு எதையாவது விப்பான். அப்பவும் அழுவாங்க.”

எர்லீன் கத்தியை எடுத்தாள். அவள் ஏற்கெனவே ஒரு கார்க்காரனுக்குப் பாடியவள்.  கிழங்கு இனிப்பை வெட்டி மார்வாவின் தட்டில் பெரிய துண்டாக வைத்தாள்.

வேலை ஆற்று முகத்தில் ஆரம்பித்து ஊர்ந்து மேலே வந்தது. எந்தத் தெருவை எப்போது அடைப்பது என்று பேச நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஹோசியாவுக்குக் கால்விரல் வீங்கி நடக்க முடியவில்லை. ஆர்கன் இல்லை என்று செய்தி பரவிவிட்டது. வந்திருந்தது எர்லீனும், தவறான அறைக்கு வந்துவிட்டு எழுந்துபோகக் கூச்சப்பட்ட ஒரு தம்பதியும், வில்லோ தெருக்காரர்கள் சிலரும்தான். மார்வா பழைய ஒற்றைச் சுருதிக்கே திரும்பியிருந்தார். எர்லீனுக்கு அரைமணியிலேயே கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளம் தெரு என்று காதில் விழுந்ததும் கையைத் தூக்கினாள்.

“எங்க தெருவுலதான் புதுக் குழாய் இருக்கே? அதை ஏன் மறுபடி தோண்டணும்?”

“சரிவு தப்பு. கீழே உள்ளதோட பொருந்தாது. எல்லாத் தெருவும் முடிஞ்சப்புறம் கடைசியா உங்க தெருவை எடுப்போம். அதுவரைக்கும் உங்க குழாய் வாயைப் பாதி அடைச்சு வைக்கணும்.”

“அப்ப மழை வந்தா?”

“உங்க தெருவுல நிக்கும். முன்ன மாதிரி.”

வில்லோ தெருக்காரர்கள் திரும்பி எர்லீனைப் பார்த்தார்கள். புது சோஃபா வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதைச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, அடைச்சிடுங்க,” என்றாள்.

மார்வா தலையசைத்து அடுத்த தெருவுக்குப் போனார். குரல் சன்னமாக இருந்தது. எர்லீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.